அத்தியாயம் 6: நீண்டு ஒடுங்கிய ஹால்

சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. அதில் பாதியை வாங்கியவருக்குப் புறநகரில் பெரும்பாலும் 20 அடி முகப்பும் 60 அடி ஆழமும் உள்ள மனைதான் கைக்கு வரும். பக்கவாட்டில் விட வேண்டிய இடம் போக, சுவரின் கனம் போக, மாடிப்படிக்கு ஒரு பங்கு போக, ஹாலுக்கு மிஞ்சும் அகலம் 10 அடி. சில வீடுகளில் அதற்கும் கீழே. நீளத்துக்கு மட்டும் குறைவே இருக்காது. அடுக்குமாடி வீடுகளிலும் இதே கதைதான். உட்காரும் இடம், சாப்பிடும் இடம் இரண்டையும் ஒரே நீட்டில் அடக்கிவிட்டு, ‘லிவிங் கம் டைனிங்’ என்று விளம்பரத்தில் போட்டுவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஹாலில் குடியேறியதும் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறோம். ஒரு நீளச் சுவரோடு சோபா, எதிர்ச் சுவரில் டிவி, சோபா முடிந்த இடத்தில் ஷோகேஸ், அது முடிந்த இடத்தில் சாப்பாட்டு மேஜை. நடுவில் இடம் விட்டால் அறை பெரிதாகத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. கடைசியில் ஹால் ரயில் பெட்டியாகிவிடுகிறது. வாசற்கதவைத் திறந்ததும் பார்வை எங்கும் நிற்காமல் நேரே போய் பால்கனிக் கம்பியில் முட்டுகிறது.

நீளத்தை மறைக்க முடியாது, மறைக்க வேண்டியதும் இல்லை. அங்கங்கே வெட்டினால் போதும். கும்பகோணம் பக்கத்து அக்கிரகாரங்களிலும் பழைய திருவல்லிக்கேணியிலும் பக்கச் சுவரை அடுத்த வீட்டோடு பகிர்ந்துகொண்டு, தெருவிலிருந்து கொல்லைவரை ஒரே நீட்டாகப் போகும் வீடுகள் இருக்கின்றன. உள்ளே நடப்பவருக்கு அந்த நீளம் உறைக்காது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு என்று சில அடிகளுக்கு ஒருமுறை வெளிச்சம் மாறும், தரைமட்டம் மாறும், தலைக்கு மேலே கூரை ஏறி இறங்கும். நம்மால் முற்றம் திறக்க முடியாது, மேல் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். ஆனால் ஹாலைக் கட்டு கட்டாகப் பிரிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை.

முதலில் நடை

சோபா பார்க்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் ஹாலை வரையுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தால் ஒரு கட்டத்தை ஒரு அடியாக வைத்துக்கொள்ளலாம். கதவு, ஜன்னல், ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயின்ட், மின்விசிறிக் கொக்கி எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு வீட்டில் யார் எந்தக் கதவிலிருந்து எந்தக் கதவுக்குப் போகிறார்கள் என்று பென்சிலால் கோடு இழுங்கள். வாசலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேஜை, படுக்கையறையிலிருந்து துணி உலர்த்த பால்கனி. நாலைந்து கோடு போட்டதும் ஒரு பாதை தடித்துத் தெரியும். அதுதான் ஹாலின் நடை. அதில் எந்தச் சாமானும் வரக்கூடாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நடைக்கு 3 அடி அகலம் வேண்டும். அவ்வளவு போக்குவரத்து இல்லாத இடத்தில் 2½ அடி போதும். 2 அடிக்குக் கீழே போனால் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வருபவரையும், சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருபவரையும் நினைத்து அகலம் விடுங்கள்.

நடையை ஹாலின் நடுவே விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் கோளாறு. 10 அடி அகலத்தில் நடுவே 3 அடி போய்விட்டால் இருபுறமும் மூன்றரை மூன்றரை அடி மிஞ்சும். சோபாவைத் தவிர வேறெதற்கும் அந்த அகலம் பிரயோஜனப்படாது. கதவுகள் அதிகம் உள்ள சுவர் எதுவோ, அதை ஒட்டி நடையைத் தள்ளுங்கள். மறுபக்கம் 7 அடி ஒரே துண்டாகக் கிடைக்கும். 7 அடி இருந்தால் சாமான்களைக் குறுக்கே போடலாம். நீளத்தை வெட்டுவதற்கு அதுதான் வழி.

ஒரு ஹால், அளவோடு

23 அடி நீளம், 10½ அடி அகலம் உள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். வாசற்கதவு ஒரு குறுக்குச் சுவரில், வலது மூலையை ஒட்டி இருக்கிறது. உள்ளே வந்தால் வலப்பக்க நீளச் சுவரில் 7 அடி தூரத்தில் சமையலறைத் திறப்பு, 13 அடி தூரத்தில் படுக்கையறைகளுக்குப் போகும் வழி. இரண்டுக்கும் இடையில் வாஷ்பேசின். எதிர்க்கோடியில் பால்கனி. இடப்பக்கச் சுவர் முழுக்க வெறுமை.

நடை வலது சுவரை ஒட்டிப் போகும் என்பது பார்த்ததுமே தெரிகிறது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. 16 அடியில் படுக்கையறை வழி முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் துணி உலர்த்துபவரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவரும் தவிர யாரும் நடக்கமாட்டார்கள். ஆகவே 16 முதல் 23 வரையுள்ள 7 அடி வலது சுவர் டிவிக்கு உகந்த இடம். சீரியல் ஓடும்போது குறுக்கே போகிறவர் மேல் பாட்டி எரிந்துவிழுவது பாதியாகக் குறையும்.

உட்காரும் இடத்தை வாசலோரம் வைப்பதா, பால்கனியோரம் வைப்பதா என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கும். வந்தவர்கள் சாப்பாட்டு மேஜையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறதே என்று பெரியவர்கள் சங்கடப்படுவார்கள். எனக்கு பால்கனியோரம்தான் சரியென்று படுகிறது. கூரியர்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் வாசலோடு போகிறவர்கள். அவர்களுக்காகக் கதவைத் திறக்கும்போதெல்லாம், லுங்கியைக் கட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருப்பவர் எழுந்து உட்கார வேண்டியதில்லை. காற்றும் அந்தப் பக்கம்தான். சமையலறை வாசலோரம் இருக்கும் இந்த ஹாலில் மேஜையும் அங்கேதான் இருந்தாக வேண்டும். சாம்பார்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு 15 அடி நடப்பது தினப்படி வேலைக்கு ஆகாது.

முதல் 5 அடி வாசலுக்கு. இடது சுவரில் சாய்த்துத் திறக்கும் வகைச் செருப்பு அலமாரி. இதன் ஆழம் ஓர் அடிக்குள் அடங்கிவிடும். அதன் மேல் சாவி, மின் கட்டண ரசீது, ஹெல்மெட். 5 அடி முடியும் இடத்தில் இடது சுவரிலிருந்து 3 அடி அகலத்துக்கு ஒரு தடுப்பு நிறுத்தலாம். மரச் சட்டமோ, ஜாலி வேலைப்பாடோ, முதுகுப்பலகை இல்லாத புத்தக அலமாரியோ எதுவானாலும் சரி, காற்றும் வெளிச்சமும் ஊடுருவ வேண்டும். பிளைவுட்டில் முழுச் சுவர் எழுப்பிவிடாதீர்கள். வாசலோரம் பட்டப்பகலிலேயே விளக்குப் போட நேரிடும்.

5 அடி முதல் 12 அடிவரை சாப்பாட்டு இடம். நான்கு பேர் மேஜை 4 அடிக்கு 2½ அடி இருக்கும். அதன் நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டாமல், குறுகிய பக்கத்தை ஒட்டுங்கள். மேஜை சுவரிலிருந்து குறுக்கே 4 அடி நீட்டிக்கொண்டு நிற்கும், இருபுறமும் இரண்டிரண்டு நாற்காலி. நாற்காலியை இழுத்து உட்கார ஒவ்வொரு பக்கமும் 2¼ அடி என்றால் மொத்தம் 7 அடியில் கணக்கு முடிகிறது. மேஜையின் நுனிக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே 6½ அடி இருப்பதால் நடைக்கும் குறைவில்லை, பண்டிகை நாளில் ஐந்தாவது நாற்காலிக்கும் இடம் இருக்கிறது.

அடுத்தது திவான். 6 அடிக்கு 2½ அடி, முதுகு இல்லாதது. இதை இடது சுவரிலிருந்து குறுக்கே, 12½ அடியிலிருந்து 15 அடிவரை போடுங்கள். ஹாலை இரண்டாக வெட்டும் கோடு இதுதான். உயரம் ஒன்றரை அடிக்கு மேல் இல்லாததால் பார்வையை மறைக்காது. இருபுறமும் காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம் என்பதால் சாப்பாட்டுப் பேச்சிலும் சேரலாம், டிவிப் பேச்சிலும் சேரலாம். மத்தியானம் தாத்தா படுப்பார், ஊரிலிருந்து வந்த சித்தப்பா இரவில் படுப்பார். இந்த இடத்துக்கு முதுகு உயர்ந்த சோபாவைக் குறுக்கே போடச் சொல்லும் அலங்கார நிபுணர்கள் உண்டு. 10½ அடி அகலத்தில் அந்த முதுகு ஒரு மதில் மாதிரி நிற்கும். 13 அடி அகலம் உள்ளவர்கள் வேண்டுமானால் முயலலாம்.

திவானுக்கு அப்பால் இடது சுவரோடு மூன்று பேர் சோபா, நீளம் 6½ அடி. அதன் ஆழத்தைக் கவனிக்காமல் வாங்கிவிடாதீர்கள். கடையின் பெரிய அரங்கில் அடக்கமாகத் தெரியும் 3 அடி 2 இன்ச் சோபா வீட்டுக்கு வந்ததும் ஹாலில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். 2 அடி 9 இன்ச் போதும். கைப்பிடி மெலிதாக இருக்கட்டும். கால் 6 இன்ச் உயரமாவது இருந்தால் துடைப்பமும் மாப்பும் அடிவரை போகும், தரை கண்ணுக்குத் தெரிவதால் அறையும் அகலமாகத் தோன்றும். டிவிக்குக் கீழே 1 அடி ஆழ அலமாரி. சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவே 6¾ அடி மிஞ்சுகிறது. சோபாவிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒன்றரை அடி அகல டீப்பாய் போட்டால், பால்கனிக்குப் போக இன்னும் 3¾ அடி இருக்கிறது. உட்கார்ந்தவர் கண்ணுக்கும் டிவிக்கும் இடையே சுமார் 8 அடி. 55 இன்ச் தாராளம். கடைக்காரர் 75 இன்ச்சுக்கு இழுப்பார், போகாதீர்கள்.

அளவெல்லாம் தாளில் சரியாக வந்தாலும், பழைய செய்தித்தாள்களை ஒட்டி சோபா அளவுக்கும் மேஜை அளவுக்கும் வெட்டி, அதே இடத்தில் தரையில் விரித்து ஒரு வாரக்கடைசி முழுக்க அதைச் சுற்றி நடந்து பாருங்கள். குழந்தைகள் எந்த மூலையை மிதித்துக் கிழிக்கிறார்களோ, அந்த மூலையில்தான் நாளை முழங்கால் இடிபடும்.

இன்வெர்ட்டரை மறந்துவிடாதீர்கள். பல வீடுகளில் அது ஹாலில்தான் இருக்கிறது. செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டக்கூடாது. பேட்டரிக்குக் காற்றோட்டம் வேண்டும், தண்ணீர் ஊற்றக் கை போக வேண்டும்.

நடுவில் வரும் இருட்டு

நீள ஹாலுக்கு வெளிச்சம் ஒரு கோடியிலிருந்துதான் வருகிறது. பால்கனியிலிருந்து பத்து, பன்னிரண்டு அடி தள்ளிப் போனால் பகலிலேயே மங்கிவிடும். மேற்படி ஹாலில் அந்த மங்கல் சாப்பாட்டு மேஜை மேல் விழுகிறது. அதற்கு மேலே தொங்கு விளக்கு ஒன்று வேண்டும். மேஜைப் பரப்பிலிருந்து விளக்கின் அடிப்பாகம் இரண்டரை முதல் 3 அடி உயரத்தில் இருந்தால் எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காது, கண்ணிலும் குத்தாது.

நம் ஊரில் விளக்கு என்றால் 6500 கெல்வின் வெள்ளை வெளேர் வெளிச்சம்தான், அதையும் நீளச் சுவரில் வரிசையாக இரண்டு டியூப். எங்கும் ஒரே வெளிச்சம் இருந்தால் நீளமும் ஒரே நீளமாகத்தான் தெரியும். பல்பு வாங்கும்போது பெட்டியில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். மேஜைக்கு 4000, சோபாப் பக்கம் 3000. படிக்கிற இடத்தில் மட்டும் தனியாக ஒரு நிற்கும் விளக்கு. ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஸ்விட்ச் இருந்தால் சாப்பிடும்போது சோபாப் பக்கத்தை அணைத்துவிடலாம். ஹால் அந்த நேரத்துக்குப் பாதியாகிவிடும்.

மின்விசிறி இரண்டு வேண்டும், 1200 மில்லிமீட்டர் இறக்கை. பில்டர் கொக்கி விட்ட இடத்துக்கு நேர்கீழே யாரும் உட்காராத நடைதான் இருக்கும் பல வீடுகளில். பூச்சு வேலைக்கு முன்பே சொல்லி, ஒன்றை மேஜைப் பகுதிக்கும் மற்றொன்றை டீப்பாய்ப் பகுதிக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். மேஜைக்கு மேலே தொங்கு விளக்கு வருவதால், அந்தப் பக்கத்து விசிறி நடையை நோக்கிச் சற்றுத் தள்ளி நிற்கட்டும். விசிறி இறக்கைக்கு மேலே சீலிங் விளக்கு வந்தால் நிழல் வெட்டி வெட்டி ஓடித் தலைவலி வரும். ஃபால்ஸ் சீலிங் பற்றிக் கேட்டால், வேண்டாம் என்பேன். 10 அடி உயரத்தில் 6 இன்ச் போவது மட்டும் காரணமில்லை. ஓரங்களில் விடும் எல்இடி பட்டை ஹாலின் முழு நீளத்துக்கும் இரண்டு ஒளிக்கோடு இழுத்துவிடும். நாம் வெட்ட நினைத்ததை அது இன்னும் நீட்டும். ஆசை விடவில்லையென்றால் மேஜைக்கு மேலே மட்டும் ஒரு சதுரம் இறக்குங்கள்.

கண்ணாடி மாட்டினால் இடம் பெரிதாகும் என்பது சரிதான், எந்தச் சுவரில் என்பதில்தான் விஷயம். கோடிச் சுவரில் மாட்டினால் 23 அடி 46 அடியாகத் தெரியும். நீளச் சுவரில், மேஜைக்குப் பக்கத்தில் 3 அடிக்கு 4 அடி மாட்டுங்கள், அகலம் கூடும். கண்ணாடிக்கு எதிரில் என்ன இருக்கிறதோ அதுவும் இரண்டாகும் என்பதால், எதிர்ச் சுவரின் வாஷ்பேசின் அதில் விழாதபடி நின்று பார்த்து இடத்தை முடிவுசெய்யுங்கள்.

சுவர், திரை, தரை

நீளச் சுவர்கள் இரண்டுக்கும் வெளிர் நிறம். கோடிச் சுவர்களில் ஒன்றுக்கு அழுத்தமான நிறம்: செம்மண், பாசிப்பச்சை, மயில்கழுத்து நீலம், எது பிடிக்கிறதோ அது. அழுத்தமான நிறம் சுவரைக் கிட்டே கொண்டுவரும். ‘ஹைலைட் வால்’ என்று நீளச் சுவர் ஒன்றில் அடர்நிறமோ வால்பேப்பரோ போடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம், அது இந்த ஹாலுக்கு ஆகவே ஆகாது.

பால்கனிக் கோடியில் கதவின் அகலத்துக்கு மட்டும் திரை போடாமல், சுவருக்குச் சுவர், கூரையிலிருந்து தரைவரை தொங்கவிடுங்கள். 10½ அடி அகலத்துக்கு மடிப்பு விழ இரட்டிப்புத் துணி, அதாவது 21 அடி வேண்டும். 48 இன்ச் அகலத் துணியென்றால் ஐந்தரைப் பாகத்துக்குச் சற்றுக் குறைய வரும், ஆறாக எடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் சேர்த்து 11 அடி. கரூர்ப் பக்கத்துக் கனமான பருத்தி இதற்கு நன்றாக விழும். பருத்தி சுருங்கும், தைக்கும்முன் ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயப்போடச் சொல்லுங்கள்.

தரையில் ஒரே நீள விரிப்பு வேண்டாம், பகுதிக்கு ஒன்று. சோபாவுக்கு முன்னே 5 அடிக்கு 7 அடி, சோபாவின் முன்கால்கள் அதன்மேல் ஏறி நிற்கட்டும். பட்டை போட்ட பவானி ஜமக்காளம் இருந்தால் பட்டைகள் ஹாலுக்குக் குறுக்கே ஓடும்படி விரியுங்கள். தினமும் பெருக்கித் துடைக்கிற நம் வீடுகளில் புசுபுசுவென்ற கார்ப்பெட் தூசி சேர்க்கும் வேலையைத்தான் செய்யும். ஜமக்காளத்தை உதறி மடித்து வைக்கலாம். மேஜைக்கு அடியில் விரிப்பே வேண்டாம், ரசம் சிந்தும். புது வீடு கட்டுகிறவர்கள் 4 அடிக்கு 2 அடி டைல்ஸ் எடுத்தால் அதையும் குறுக்கே பதிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி வெட்டு வேஸ்ட் அதிகம் வரும் என்பார், வருவதும் உண்மைதான்.

தாத்தா பாட்டி படத்திலிருந்து கல்யாண ஆல்பம்வரை நீளச் சுவரில் ஒரே உயரத்தில் வரிசையாக மாட்டுவது நம் பழக்கம். அந்த வரிசையும் ஒரு நீளக்கோடுதான். எல்லாவற்றையும் திவானுக்குப் பக்கத்துச் சுவரில் கொத்தாக மாட்டுங்கள், கொத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி. தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் அழுத்தமான நிறம் பூசிய கோடிச் சுவருக்குக் கொடுங்கள். நேர்வெயில் படக்கூடாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தால், சுவரில் சாய்த்து வைக்கும் அலமாரித் தட்டில் படங்களை நிறுத்தலாம்.

ஊஞ்சல்

ஊஞ்சல் கேட்காத வீடு இல்லை. 10½ அடியில் போட முடியும், ஆட்டம் ஹாலின் நீளவாட்டில் இருக்க வேண்டும். பலகை குறுக்கே நிற்கட்டும், 4 அடிக்கு மேல் வேண்டாம். முன்னும் பின்னும் மூன்று மூன்று அடி காலியாக விட வேண்டும். அப்படியானால் திவானோ டீப்பாயோ ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். கொக்கி கான்கிரீட் தளத்திலோ உத்தரத்திலோ இறங்கியிருக்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் அல்ல. ஆடாத நேரத்தில் துணி மடித்து அடுக்குகிற இடமாக ஊஞ்சல் மாறிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9 அடிக்கும் குறைந்தால்

லைன் வீடுகளிலும் பழைய பாகப்பிரிவினை வீடுகளிலும் 8 அடி அகல ஹால் சாதாரணம். அங்கே குறுக்கே எதையும் போட வேண்டாம். சாமான் ஒரே சுவரில், எதிர்ச் சுவரில் டிவி மட்டும், அதுவும் சுவரோடு பதிந்து. சோபாவுக்குப் பதில் 20 இன்ச் ஆழ பெஞ்சு, அடியில் சாமான் வைக்கும் பெட்டியோடு. சாப்பாட்டு மேஜை சுவரில் மடக்கி வைக்கும் வகை. நீளத்தை வெட்டுகிற வேலையை விளக்கும் கோடிச் சுவர் நிறமும் செய்யும்.

வாங்கும்முன்

திவான், சோபா, மேஜை என்ற வரிசையில் பெரியதிலிருந்து வாங்குங்கள். டீப்பாயும் விரிப்பும் ஒரு மாதம் கழித்து வந்தால் போதும். அதற்குள் எங்கே காப்பி டம்ளர் வைக்க இடம் தேடுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் லிஃப்டின் கதவு அகலம், உட்புற ஆழம், உயரம் மூன்றையும் அளந்து கொண்டுபோங்கள். 6½ அடி சோபா லிஃப்டில் படுக்காது, நிமிர்த்தி நிறுத்தினால்தான் ஏறும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலத்தை அளக்க வேண்டும். அங்கே திரும்பாது என்று தெரிந்தால் கை, கால், முதுகு தனித்தனியாகக் கழற்றிப் பூட்டும் வகையைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்ற வேண்டியிருக்கும், அதற்குக் கூலி தனி.